ஸ்கொட்லாந்தில் ஒரு மட்றாஸ் கல்லூரி

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலே, வட கடலை நோக்கியவாறு அமைந்துள்ள சிறிய நகரம் சென். அன்றூஸ். ஏறத்தாழ 18,000 பேர் வாழும் அந்நகரை உலகம் அறிந்திருப்பது இரண்டு காரணங்களால். ஒன்று கொல்ஃப் விளையாட்டு. மற்றையது 1413ஆம் ஆண்டில் பாப்பரசரின் ஆணை பெற்று எழுந்த பல்கலைக்கழகம். ஆனால் அந்நகரத்துப் பிள்ளை ஒன்றிடம் "எங்கே படிக்கிறாய்?" என்று கேட்டால், "மட்றாசில்" என்ற பதில் வரும். கேட்கும் தமிழர் ஒரு கணம் திகைத்துத்தான் போவர். நகரத்தின் இடைநிலைப் பாடசாலையின் பெயரே மட்றாஸ் கல்லூரி. தாத்தாவும் தகப்பனும் பேத்தியுமாகத் தலைமுறை தலைமுறையாக நகரத்தவர் படித்துவந்த பொதுப் பாடசாலை அது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும், தே ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்தும் இன்றும் பிள்ளைகள் பேருந்தில் அங்கு வருகின்றனர்.

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரிலே எங்கோ இருக்கும் ஸ்கொட்லாந்துப் பள்ளியின் வரலாறு எதற்கு என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். அப்பள்ளியின் கதை தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிய எழுத்துகளிலிருந்து தொடங்குகிறது. ஒரு பள்ளியின் வரலாற்றில் எவருடைய பெயர் நிலைக்கிறது, எவருடைய பெயர் மணலோடு அழிந்து போகிறது என்பதையும் அக்கதை காட்டுகிறது. நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும் இவ்வேளையில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் அதுவே.

முடிதிருத்துநரின் மகன்

மட்றாஸ் கல்லூரியை நிறுவியவர் கலாநிதி அன்றூ பெல். 1753ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி சென். அன்றூஸ் நகரிலே பிறந்தவர். தந்தையார் முடிதிருத்தும் தொழில் செய்தவர். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலே கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்ற பெல், 1774இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவுக்குச் சென்று செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். 1781இல் நாடு திரும்பி, இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். 1787இல் கப்பலேறி மட்றாஸ் வந்து சேர்ந்தார். கல்கத்தாவுக்குப் போக எண்ணியிருந்தவர், மட்றாசிலேயே படைப்பிரிவுகளின் குருவாக அமர்ந்துவிட்டார். அவர் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஏறக்குறைய 128 பவுண் மட்டுமே.

அக்காலத்தில் மட்றாசிலே பிரித்தானியப் படைவீரருக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலர் ஆதரவற்றுத் திரிந்தனர். தகப்பன் போரிலோ நோயிலோ இறந்திருப்பான், அல்லது ஊருக்குப் போயிருப்பான். அப்பிள்ளைகளுக்கென இரண்டு இல்லங்கள் ஏற்பட்டன. முதலில் எழுந்தது பெண் பிள்ளைகளின் இல்லமே. ஆளுநர் கம்பெல் அவர்களின் துணைவியாரின் முயற்சியால் 1787இல் அது தொடங்கியது. ஆண் பிள்ளைகளின் இல்லம் 1789இல் எழும்பூரிலே, பழைய சிறு கோட்டை ஒன்றினுள் திறக்கப்பட்டது. அதன் மேற்பார்வையாளராகப் பெல் நியமனம் பெற்றார். அப்பணிக்கென வழங்கவிருந்த சம்பளத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

எழும்பூர் என்றதும் எமது மூத்த சகோதரிகளுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, 'போட் மெயில்' புகையிரதத்தில் சென்னைக்குப் படிக்கச் சென்ற ஒரு தலைமுறைப் பெண்கள் இருந்தனர். 1964ஆம் ஆண்டுப் புயல் அப்பாதையை அழிக்கும் வரை அப்பயணம் முடிவடைந்த இடம் எழும்பூர் நிலையம். அந்த நிலையம் நிற்பது அக்கோட்டை இருந்த நிலத்திலேதான்.

மணலும் எட்டு வயதுச் சிறுவனும்

இல்லத்தின் பள்ளி நன்றாக நடக்கவில்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவு. அரிவரி வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்கில் எழுத்துக் கூட்டியும் தேறவில்லை. ஒருநாட் காலை குதிரையில் உலாவச் சென்ற பெல், ஒரு 'மலபார்' பள்ளியைக் கடந்து போனார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் 'மலபார்' என்றே குறிப்பிட்டனர். இலங்கையிலும் அவ்வாறே. அங்கே பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கொண்டிருந்தனர். தாள் இல்லை, மை இல்லை, செலவும் இல்லை. கண் பார்க்க, வாய் சொல்ல, விரல் எழுத, மூன்றும் ஒன்றாக நடந்தன.

நாம் ஒவ்வொருவரும் அறிந்த காட்சி இது. விஜயதசமி நாளிலே ஏடு தொடக்கும்போது, பெரியவர் ஒருவர் எமது விரலைப் பிடித்துத் தட்டிலே பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவித்தார் அல்லவா? அதே பாடத்தைத்தான் பெல் அன்று குதிரையின் மேலிருந்து கண்டார்.

இல்லத்திற்குத் திரும்பியதும், கீழ் வகுப்பு உதவி ஆசிரியரை அழைத்து, மணலில் எழுத்துப் பழக்குமாறு கூறினார். அது நடவாத காரியம் என்று உதவி ஆசிரியர் கையை விரித்துவிட்டார். பெல் விடவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து அவ்வேலையை ஒப்படைத்தார். ஜோன் ஃபிறிஸ்கன் என்பது அவனுடைய பெயர். சாதாரண படைவீரன் ஒருவனின் மகன். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். சில காலத்தில் அவ்வகுப்பு முழுவதும் அவன் பொறுப்பிலாயிற்று. பன்னிரண்டு வயதளவில் அவன், தன்னிலும் இளைய துணைவர் சிலரை வைத்துக்கொண்டு, நான்கு, ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பாடஞ் சொல்லும் தலைமை மாணவனாக இருந்தான்.

இதைக் கண்ட பெல் பள்ளி முழுவதையும் அவ்வாறே மாற்றி அமைத்தார். ஒவ்வொரு வகுப்பிலும் கெட்டிக்கார மாணவன் ஒருவன் பின்தங்கிய மாணவன் ஒருவனோடு சோடி சேர்க்கப்பட்டான். வகுப்புக்கு ஒரு துணை ஆசிரியன், அவனுக்கு மேல் ஓர் ஆசிரியன், எல்லாரும் மாணவரே. குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டு, வாரம் ஒருமுறை மாணவர் குழுவொன்றின் முன் விசாரிக்கப்பட்டன. பிரம்படி பெருமளவு குறைந்தது. அம்முறையிலே படித்த வில்லியம் சிமித் என்னும் மாணவன், 1794இல் திப்பு சுல்தானின் அரசவைக்கே சென்று விஞ்ஞானப் பரிசோதனைகளைச் செய்து காட்டினான்.

திண்ணைப் பள்ளியின் கடன்

1796இல் உடல்நலம் குன்றிப் பெல் நாடு திரும்பினார். அப்பொழுது அவருடைய கையிருப்பு 25,000 பவுணுக்கு மேல். சம்பளம் வாங்காத பணி ஒன்றாயினும், கம்பனிப் படைகளின் குருப் பதவிகள் பலவற்றை ஒருங்கே வகித்ததால் வந்த வருமானம் பெரிது. மறு ஆண்டு, 1797இல், மட்றாஸ் இல்லத்தில் தாம் செய்த கல்விப் பரிசோதனையைச் சிறுநூலாக இலண்டனில் வெளியிட்டார். ஆசிரியரின் மேற்பார்வையிலே ஒரு பள்ளி தன்னைத் தானே கற்பித்துக் கொள்ளலாம் என்பதே அந்நூலின் சாரம். அம்முறைக்கு 'மட்றாஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது.

மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியிலே கண்டதாகப் பெல் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறை தமது சொந்தக் கண்டுபிடிப்பு என்றே இறுதிவரை சொல்லி வந்தார்.

இது எவ்வளவு சரி? தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். ஆசிரியருக்கு அடுத்தபடியாக நின்று, சிறுவருக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக் கொடுத்து, ஒப்புவிக்கக் கேட்கும் மூத்த மாணவனே அவன். யாழ்ப்பாணத்திலோ ஆசிரியரையே 'சட்டம்பியார்' என்று அழைத்த காலம் இருந்தது. பெல் மட்றாசுக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1623இல், கன்னட நாட்டிலே பயணஞ் செய்த இத்தாலியர் பியெத்ரோ டெல்லா வாலே கோயில் முகப்பொன்றில் நான்கு சிறுவரைக் கண்டார். நிலத்தில் நுண்மணல் தூவி, விரலால் எழுதி, இராகத்தோடு சொல்லிக்கொண்டு கணக்குப் படித்தனர். அருகில் ஆசிரியர் இல்லை. யார் திருத்துவார் என்று அவர் கேட்டபோது, தாமே ஒருவரை ஒருவர் திருத்திக் கொள்வதாக அச்சிறுவர் விடை கூறினராம்.

இன்னொரு சாட்சி ஆங்கில அதிகாரியிடமிருந்தே வருகிறது. ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் மட்றாஸ் மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்கக் கட்டளையிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பதாக 1826இல் கணக்குக் கிடைத்தது. அவர்களுள் பெண் பிள்ளைகள் மிகச் சிலர் என்பதையும் நாம் மறக்கலாகாது. அவ்விசாரணைக்குப் பெல்லாரி மாவட்ட கலெக்டர் கம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை குறிப்பிடத்தக்கது. மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்துத் தமது அறிவையும் உறுதிப்படுத்திக் கொள்ளும் உள்ளூர் வழக்கம் பாராட்டுக்குரியது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் அவர் எழுதினார். பெல்லின் மீது வஞ்சகக் குற்றம் சாட்டுவது எமது நோக்கமன்று. சிறுவன் ஃபிறிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்து, அதனை ஒழுங்குபடுத்தி, எழுதி, உலகெங்கும் பரப்பியவர் அவரே. ஆனால் அவர் கண்ட திண்ணையிலே அவ்வழக்கம் முன்னமே இருந்தது என்பதையும் சொல்லாமல் விடுதல் நீதியாகாது.

பரவியதும் தளர்ந்ததும்

1798இல் இலண்டன் ஓல்ட்கேற் பகுதித் திருச்சபைப் பள்ளி ஒன்று மட்றாஸ் முறையைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்ரர் என்னும் இளைஞரும் இலண்டனிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து, மாணவரைக் கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். இம்முறையைக் கண்டவர் யார் என்பதில் இருவரின் ஆதரவாளரும் ஆண்டுக்கணக்கில் சச்சரவிட்டனர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் எவரும் அவ்வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படவில்லை. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை ஏழைகளின் கல்விக்கென ஒரு தேசிய சங்கத்தை அமைத்து, பெல்லின் முறையை ஏற்றுக்கொண்டது. கனடாவின் நியூ பிறன்ஸ்விக் மாகாணத்திலும் 'மட்றாஸ் பள்ளிகள்' என்ற பெயரிலேயே பள்ளிகள் எழுந்தன. பெல் இறந்த காலத்தில் அம்முறைப் பள்ளிகள் 12,000 அளவில் இருந்தன என்பர். இலண்டன் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மணற்றட்டில் விரலால் எழுதினர்.

இம்முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே ஆசிரியரும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் என்றால் செலவு குறையும். அதனாலேயே அரசினரும் கொடையாளரும் அதனை விரும்பினர். பத்து வயதுப் பிள்ளை தான் மனனஞ் செய்ததை மற்றப் பிள்ளைக்கு மனனஞ் செய்விக்கலாம். 'ஏன்' என்ற கேள்வி வந்தால் அதனால் என்ன செய்ய முடியும்? ஏழைப் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்று பெல்லே ஒருமுறை எழுதியிருக்கிறார். 1846இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் இங்கிலாந்தில் வந்ததும், பழைய முறை மெல்ல மெல்ல மறைந்தது.

ஊருக்குத் திரும்பிய செல்வம்

பெல் தமது முதுமையில், 1831ஆம் ஆண்டு, 1,20,000 பவுண் பெறுமதியான முதலீட்டை அறங்காவலர் வசம் ஒப்படைத்தார். ஸ்கொட்லாந்தின் பல நகரங்களுக்கும் அதில் பங்கு உண்டு. பெரும் பங்கு பிறந்த ஊருக்கே. 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி அவர் காலமானார். மன்னரும் புலவரும் துயிலும் வெஸ்ற்மினிஸ்ரர் பேராலயத்திலே முடிதிருத்துநரின் மகன் அடக்கஞ் செய்யப்பட்டார். அங்குள்ள நினைவுக்கல் அவரை மட்றாஸ் முறையின் நிறுவுநர் என்று போற்றுகிறது.

சென். அன்றூசின் தெற்கு வீதியிலே, கட்டடக் கலைஞர் வில்லியம் பேர்னின் திட்டப்படி கல்லூரி எழுந்தது. 1833இல் பாடங்கள் தொடங்கின. நகரத்தின் பழைய இலக்கணப் பள்ளியும் ஆங்கிலப் பள்ளியும் அதனுள் இணைந்தன. முற்றத்தைச் சுற்றி வளைவுத் தூண்கள் கொண்ட அழகிய கல் மாளிகை அது. அதன் முன்னே, 1559ஆம் ஆண்டுச் சமயக் கலவரத்தில் இடிந்த தொமினிக்கன் துறவிகளின் சிற்றாலயம் ஒன்றின் எஞ்சிய சுவர் இன்றும் நிற்கிறது. சின்ன வகுப்பிலிருந்து பெரிய வகுப்பு வரை பிள்ளைகள் அந்த இடிந்த சுவரைக் கடந்தே பள்ளிக்குள் சென்றனர்.

கல்விக்குப் பெயர்போன அந்நகரத்திலே பெண் கல்வியும் பின்னர் தனி வழி கண்டது. 1877இல் சென். லெனாட்ஸ் என்னும் பெண்கள் பாடசாலை அங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டில், பெண்களைப் பட்டப்படிப்புக்குச் சேர்க்காத பல்கலைக்கழகம், அவர்களுக்கெனத் தனியான பரீட்சைத் தகைமை ஒன்றை ஏற்படுத்தியது. ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் பெண்களுக்கு முழுமையாகத் திறக்க 1892 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மட்றாஸ் கல்லூரியோ காலத்தோடு மாறிக்கொண்டே வந்தது. கொடைப் பணத்தில் எழுந்த பள்ளி பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பள்ளியாயிற்று. 1963இல் நகரத்து மற்றப் பள்ளியோடு இணைந்து, பரீட்சை வைத்துத் தெரிவு செய்யாமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கும் பாடசாலையாக உருவெடுத்தது. இடம் போதாமல் 1960களின் பிற்பகுதியில் கில்றைமன்ற் வீதியில் இன்னொரு கட்டடம் எழுந்தது. கீழ் வகுப்புகள் அங்கும் மேல் வகுப்புகள் தெற்கு வீதியிலுமாக அரை நூற்றாண்டு கழிந்தது. 2021இல் நகரின் மேற்கு எல்லையில் புதிய வளாகம் திறக்கப்பட்டு, எல்லா வகுப்புகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன. பழைய கல் மாளிகை பல்கலைக்கழகத்தின் வசமாயிற்று. கட்டடம் கைமாறியது, மட்றாஸ் என்ற பெயர் பிள்ளைகளோடு புது இடத்திற்குச் சென்றது.

எம்முடைய பட்டியல்

இவ்வளவு வரலாற்றிலும் பெயர் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று பாருங்கள். அன்றூ பெல்லின் பெயர் பேராலயத்திலே கல்லில் இருக்கிறது. மாளிகையைக் கட்டிய கலைஞரின் பெயர் தெரியும். ஜோன் ஃபிறிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனின் பெயரும், பெல் அதனை எழுதி வைத்ததால், எமக்குத் தெரியும். அந்தக் காலைப்பொழுதில் மணலின் முன் அமர்ந்திருந்த பிள்ளைகளின் பெயர் தெரியாது. அவர்களை அங்கே அமர்த்திய வாத்தியாரின் பெயரும் தெரியாது. அப்பள்ளி எந்தத் தெருவில் இருந்தது என்பதும் தெரியாது. எவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய ஊரின் பெயர் மட்டும் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பள்ளியின் வாயிலில் தங்கிவிட்டது.

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரிலும் பட்டியல்கள் உண்டு. அதிபர்கள், ஆசிரியர்கள், கட்டட நன்கொடையாளர், சங்கத் தலைவியர். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் எம்மில் பலருக்குப் பாடம் விளங்கியது வகுப்பறையில் மட்டுமா? பின்னேரங்களில் மாமரத்தின் கீழ் இருத்திக் கணக்கு விளங்கப்படுத்திய மேல் வகுப்பு அக்கா, விடுதியில் விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலம் வாசிக்கக் கேட்ட அக்கா, இடப்பெயர்வுக் காலத்திலே புத்தகமும் கொப்பியும் இல்லாதபோது கொட்டிலின் மண் தரையில் தடியால் எழுதிச் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக் கொடுத்த அக்கா. அவ்வக்காமாருக்குப் பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும். சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அவர்களுள் சிலர் இன்று எம்மோடு இல்லை. அவர்களுடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. எமது நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே பழைய மாணவியராகிய எம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ, இலண்டனிலோ, ரொறொன்ரோவிலோ, சிட்னியிலோ எங்கிருந்தாலும், இம்மலரை வாசித்து முடித்தபின் ஒரு தாளை எடுங்கள். உங்களுக்குப் பாடஞ் சொல்லித் தந்த அக்காவின் முழுப்பெயரையும், அவர் படித்த ஆண்டையும், அவர் சொல்லித் தந்தது எது என்பதையும் எழுதுங்கள். அதனைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த மலரைத் தொகுப்பவர்கள் அவற்றையும் ஒரு பட்டியலாகச் சேர்க்கட்டும்.